ஒரு ஆள் குறையுது

மேனேஜர் பச்சைக்கொடியை இரண்டாம் முறையும் அசைத்தார். டம்பர் நகரவில்லை.

எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நூறு டன் தாது சுமக்கும் புது வண்டி. அதன் டயர் ஒவ்வொன்றும் என்னைவிட உயரம். அந்த வலது முன்டயருக்கு நேர் முன்னால், கையில் ஓர் எலுமிச்சம்பழத்தோடு நான் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன்.

மேலே ஓட்டுநர் இருக்கையில் பாண்டிச்செல்வி. நான் கீழே இருப்பது அவளுக்குத் தெரியாது, தெரிய வழியும் இல்லை. அவள் அறை வண்டியின் இடதுபக்க உச்சியில் இருந்தது. மொட்டைமாடியில் நின்றுகொண்டு வாசல்படியை ஒட்டிக் கிடக்கிற செருப்பைத் தேடுகிற கதைதான். கேமரா உண்டு, ஆனால் அது பின்பக்கத்துக்கு. பந்தலில் நின்ற மேனேஜருக்கும் விருந்தாளிகளுக்கும் வண்டியே என்னை மறைத்தது. பாண்டிச்செல்வி பிரேக்கை விடுவித்தால் போதும், இந்தத் தொடரை எழுத ஆள் இருந்திருக்காது.

இதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தச் சுரங்கத்தில் ‘டயர் பக்கம் எவனும் போகாதே’ என்று இருபது வருஷமாகத் தொண்டை கிழியக் கத்திய ஃபோர்மேன் யார் தெரியுமா? சாட்சாத் இந்தச் சோலையப்பன்தான்.

திருச்சுழிக்கும் இரும்புக்கும்

போன வாரம் நான் லாரி கிளீனராகி, டிரைவராகி, வடக்கே போன கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ‘திருச்சுழிக்காரருக்கும் இரும்புத்தாது மலைக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்கிறார்.

ஒரு சம்பந்தமும் இல்லை ஐயா. அதனால்தான் போனோம். எங்கள் பக்கம் வானம் பார்த்த நிலம். மிளகாய் போடுவோம், பருத்தி போடுவோம், பிறகு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்போம். மழை பெய்தால் விவசாயி. பெய்யாவிட்டால் அருப்புக்கோட்டை பஸ் ஏறி, அங்கிருந்து எங்கே வண்டி கிடைக்கிறதோ அங்கே. என்னுடைய வண்டி பெல்லாரிப் பக்கத்து மலையில் போய் நின்றது.

முதல் நாள், சுரங்க வாசலில் காவலுக்கு நின்றவர் என் கையில் ஒரு கல்லை வைத்தார். தேங்காய் அளவுதான். கை சடாரென்று இறங்கியது. ‘மண்ணுன்னு நெனைச்சியா? இரும்பு’ என்று அவர் சிரித்தார். சாயங்காலம் சட்டையைக் கழற்றி உதறினேன், செங்காவிப் பொடி பறந்தது. எத்தனை தடவை அலசினாலும் வாளித் தண்ணீர் தெளியவில்லை. இன்றைக்கும் என் பழைய வேட்டிகளில் அந்த நிறம் இருக்கிறது. என் மனைவி அவற்றைத் தனியாகத்தான் துவைக்கிறாள், முணுமுணுத்துக்கொண்டே.

மேற்குக் குழி

நான் ஃபோர்மேன் ஆகி வெகுகாலம் கழித்து, சுரங்கத்தை மேற்குப் பக்கம் விரிவாக்க அனுமதி வந்தது. சும்மா வரவில்லை. அடிவாரத்து ஊர்க்காரர்கள் கூட்டத்தில் எழுந்து, ‘உங்கள் செம்புழுதியைத் தின்று எங்கள் சோளம் சிவந்துவிட்டது’ என்று சண்டை போட்டார்கள். சண்டையில் நியாயம் இருந்தது. சாலைக்கு நாள் முழுக்கத் தண்ணீர் லாரி, ஊரைச் சுற்றிப் போகத் தனிப்பாதை என்று எழுதிக் கொடுத்த பிறகே வேலை தொடங்கியது.

புதிதாக ஆறு டம்பர்கள் வந்து நின்றன. ஓட்ட ஆள் இல்லை. பழைய ஓட்டுநர்களில் பாதிப்பேர் ஓய்வுபெறும் வயதில் இருந்தார்கள். ஒரு கான்ட்ராக்டர் தன் ஆட்களை அனுப்பத் தயாராக இருப்பதாக மேனேஜர் சொன்னார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“சார், எங்கள் ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள்.”

“உங்கள் ஊரில் சுரங்கம் இருக்கிறதா, சோலை?”

“இல்லை சார். டிராக்டர் இருக்கிறது.”

அவர் சிரித்தார். நாங்கள் பேசியது கன்னடத்தில். அவருக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. இது இந்தக் கதைக்கு முக்கியம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சிரித்ததும் எனக்குச் சுருக்கென்றது. “கரிசல் காட்டில் மழைக்கு மறுநாள் டிராக்டர் ஓட்டிப் பாருங்கள் சார், அப்புறம் சிரிக்கலாம்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அவர் என் மேலதிகாரி என்பது நினைவுக்கு வந்தது.

அவர் கோபப்படவில்லை. பன்னிரண்டு பேரைக் கொண்டுவரச் சொன்னார். மூன்று மாதப் பயிற்சி. மேற்குக் குழி திறக்கிற நாளில் அவர்களில் ஒருவரே முதல் வண்டியை எடுக்க வேண்டும். நல்லபடி நடந்தால் பன்னிரண்டு பேருக்கும் வேலை நிரந்தரம். அன்றைக்கு ஏதாவது பிசகினால் பன்னிரண்டு பேரும் ஊருக்குத் திரும்ப வேண்டும், கான்ட்ராக்டர் உள்ளே வருவார்.

சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். பன்னிரண்டு குடும்பத்தை என் வாய்க்கொழுப்பில் கட்டிவிட்டேனே என்றிருந்தது.

கண்மாய்க்குள் பரீட்சை

ஊருக்கு வந்தேன். அந்த வருஷம் மழை ஏய்த்துவிட்டது. மிளகாய்ச்செடி பூவோடு கருகி நின்றது. திருச்சுழி டீக்கடையில் ஒரு வார்த்தை சொன்னேன். மறுநாள் பகலுக்குள் நரிக்குடி வரை தெரிந்துவிட்டது.

வீரசோழன் ஊர்க்காரர் காதர் பாயும் வந்து சேர்ந்தார். வளைகுடாவில் பல வருஷம் பெரிய வண்டிகள் ஓட்டியவர், தானும் பன்னிரண்டில் ஒருவராக வரச் சம்மதித்தார். பரீட்சை வைக்கும் வேலையையும் தலையில் போட்டுக்கொண்டார். எங்கள் ஊர்க் கண்மாய் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வெடித்துக் கிடந்தது. அதற்குள் நான்கு கல் நட்டு, டிரெய்லர் மாட்டிய டிராக்டரை ரிவர்ஸில் கொண்டுவந்து கல்லில் படாமல் நிறுத்த வேண்டும் என்றார். டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுத்தவர்களுக்குத் தெரியும் அந்த அவஸ்தை.

நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். ஒருவன் புழுதி பறக்க வட்டமடித்துக் காட்டினான். இன்னொருவன் ரிவர்ஸ் எடுக்கும்போதே போனில், “ஏலே, பரீட்சையில இருக்கேன், பொறவு பேசுறேன்” என்று சொல்லிக்கொண்டு கல்லைப் பெயர்த்துவிட்டான். தேறியவர்கள் பத்துப் பேர், காதர் பாயோடு சேர்த்துப் பதினொன்று.

டிராக்டரை வாடகைக்குக் கொண்டுவந்திருந்தது ஒரு பெண். நாற்பதை நெருங்கும் வயது, நரிக்குடிப் பக்கம். காலையிலிருந்து ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தவள், கடைசியில் என்னிடம் வந்தாள்.

“அண்ணே, இம்புட்டு நேரம் ஆளாளுக்கு என் வண்டியப் போட்டு வதைச்சீக. நானும் ஒருக்கா ஓட்டிக் காட்டவா?”

“ஹெவி லைசென்ஸு இருக்காம்மா?”

“இல்லாமயா கேப்பேன்?”

அவள்தான் பாண்டிச்செல்வி. போனவள் வண்டியில் ஏறவில்லை. கொஞ்சம் தள்ளி அவள் புருஷன் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆட்டுமந்தையை ஒரு பார்வை பார்த்தாள்.

“ஒண்ணு கொறையுதே. அந்தச் செவலக்குட்டி எங்க?” என்று கத்தினாள்.

அவர் விழித்தார். இவள் குனிந்து டிரெய்லருக்கு அடியில் பார்த்தாள். சக்கரத்தை ஒட்டி, நிழலில், செவலைக்குட்டி சொகுசாகப் படுத்திருந்தது. காதைப் பிடித்து இழுத்து வெளியே விட்டாள்.

“ஏலே, நெழலுக்கு ஒதுங்குற எடமா இது?”

அதன் பிறகு ஏறினாள். ஒரே முறையில் நான்கு கல்லுக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்தினாள். ஆனால் நானும் காதர் பாயும் அதைச் சரியாகப் பார்க்கவே இல்லை. நாங்கள் அந்தக் குட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்கு முன்னால் ஓட்டிய ஒருவர்கூடக் குனிந்து பார்க்கவில்லை.

“அம்புட்டு ஆட்டையும் அதுக்குள்ள எண்ணிட்டியா?” என்று கேட்டேன்.

“எண்ணலண்ணே. எண்ணுனா தப்பிப் போகும். மூஞ்சி மூஞ்சியாப் பாக்கணும். எது இல்லைன்னு அதுவாத் தெரியும்.”

காதர் பாய் என் தோளைத் தட்டினார். “இந்தப் புள்ளைய விட்டுறாதீக” என்றார். பட்டியலில் முதல் பெயராக அவள் பெயரை எழுதினேன்.

ஊரில் இரண்டு பேர் முகம் சுளிக்காமல் இல்லை. அவள் புருஷனிடமே போய், “பொம்பளையவா அம்புட்டுத் தூரம் அனுப்புற?” என்று கேட்டார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “ஆட்ட நான் பாத்துக்கிறேன். வண்டி அவ பேச்சத்தான் கேக்கும், என் பேச்சக் கேக்காது” என்றார். எனக்கு அந்த மனிதரை அந்த நிமிஷமே பிடித்துப்போனது.

எலுமிச்சம்பழப் பாடம்

பயிற்சி நன்றாகத்தான் போனது, ஒரே ஒரு தொல்லை. எங்கள் ஆட்கள் டிராக்டரில் வைக்கோல் ஏற்றிப் பழகியவர்கள். தொட்டியில் முக்கால் பாகம் தாது விழுந்ததும் வண்டியின் அளவு முடிந்துவிடும், இரும்பின் கனம் அப்படி. இவர்களுக்கோ மனசு ஆறாது. “அண்ணே, எடம் சும்மாதான கெடக்கு, இன்னும் ரெண்டு பக்கெட்டு போடச் சொல்லுங்க” என்பார்கள். திருத்துவதற்குள் எனக்குப் பாதி முடி நரைத்தது.

மற்றபடி, ஹாரன் ஒரு முறை அடித்தால் எஞ்சின் ஓடப்போகிறது, இரண்டு முறை என்றால் வண்டி முன்னால் வருகிறது, மூன்று என்றால் பின்னால் வருகிறது. சுற்றியிருக்கும் ஆள் அத்தனை பேரும் எங்கே என்று தெரியாமல் வண்டி அசையக் கூடாது. இதைக் காலையிலும் மாலையிலும் சொன்னேன். பாண்டிச்செல்வி மட்டும் ஹெல்மெட்டுகளை எண்ண மாட்டாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வருவாள்.

எலுமிச்சம்பழத்துக்கு என்று ஒரு தனி வகுப்பே எடுத்தேன். எங்கள் பக்கம் புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்காமல் கிளப்ப மாட்டார்கள். அதை இங்கே நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது என்றேன்.

“கண்ணு பட்டுருமே அண்ணே?” என்றான் ஒருவன்.

“ஒன் மேல டயரு பட்டா என்ன ஆகும்னு யோசிச்சியா? எலுமிச்சம்பழம் இங்க சோத்துக்கு மட்டுந்தான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எவ்வளவு பெரிய யோக்கியன் நான்!

அந்தக் காலை

மேற்குக் குழி திறக்கும் நாள் வந்தது. எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முறைப்படி பூஜை முடிந்தது. மாலை, சந்தனம், சூடம் எல்லாம் உண்டு. பிறகு கட்டைகளை எடுத்துவிட்டு எல்லோரும் விலகினோம். பந்தல் இடது பக்கம். எங்கள் ஆட்கள் பதினோரு பேரும் புது ஹெல்மெட்டோடு பந்தலை ஒட்டி வரிசையாக நின்றார்கள். என் இடம் வலது பக்கம், வண்டிக்கு வெகு தள்ளி, மண்மேட்டை ஒட்டி. அங்கே நான் மட்டும்தான்.

விருந்தாளிகளுக்கு நடுவே அந்தக் கான்ட்ராக்டரும் வெள்ளைச் சட்டையில் நின்று வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மனிதர் சும்மாதான் பார்த்தார். எனக்குத்தான் கருகிய மிளகாய்ச்செடியும், கண்மாயில் வந்து நின்ற நாற்பது பேரும் கண்ணுக்குள் வந்தார்கள். இன்றைக்கு ஒன்று பிசகினால் அத்தனையும் போச்சு.

பந்தலில் சர்பத்துக்கு வைத்திருந்த கூடையிலிருந்து ஒரு பழம் ஏற்கெனவே என் பையில் இருந்தது. கை தவறி வந்துவிட்டது என்று எழுதலாம்தான். பொய் எழுத மனசில்லை. காலையிலேயே எடுத்துவிட்டேன்.

பாண்டிச்செல்வி ஒரு ஹாரன் அடித்து எஞ்சினைக் கிளப்பினாள். பிரேக்குக்குக் காற்று நிறைய ஒன்றிரண்டு நிமிஷம் ஆகும் என்பது எனக்குத் தெரியும். அந்த இடைவெளியில் குனிந்து ஓடினேன். டயருக்கு அடியில் பழத்தை வைத்தேன். சரளையில் அது நிற்கவில்லை, உருண்டது. மறுபடி வைத்தேன், மறுபடி உருண்டது. சனியன், அதைத் துரத்திப் பிடித்து மூன்றாம் முறை வைக்கும்போதுதான் கொடி அசைந்திருக்கிறது.

முன்னால் வருவதற்கான இரண்டு ஹாரன் வரவில்லை. கொடி மறுபடி அசைந்தது. அப்போதும் வரவில்லை. என் நெஞ்சில் மாட்டியிருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது. மேனேஜரின் குரல்.

“வண்டியை ஏன் எடுக்கவில்லை?”

பாண்டிச்செல்விக்குக் கன்னடம் ஏழெட்டு வார்த்தைதான் அதுவரை வந்திருந்தது. அவசரத்தில் அதுவும் வரவில்லை.

“ஒரு ஆளு கொறையுது” என்றாள் தமிழில்.

“சோலை, அவர் என்ன சொல்கிறார்?” என்று மேனேஜர் என்னைக் கேட்டார்.

நான் டயரைப் பார்த்தேன். டயர் என்னைப் பார்த்தது.

அப்படியே பின்னால் நகர்ந்து, மண்மேட்டை ஒட்டிப் போய், அங்கேயே நின்றவன் மாதிரி நின்றிருக்கலாம். ‘பயந்துவிட்டாள் சார்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் என் இருபது வருஷப் பெயர் தப்பும். அவள் வேலை போகும், கூடவே பதினோரு பேர் வேலையும் போகும். இந்த நினைப்பு எனக்கு வந்தது என்பதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. வந்தது, அதுதான் உண்மை.

பொத்தானை அமுக்கினேன். “ஓர் ஆள் குறைகிறது என்கிறாள் சார்.”

“யார்?”

“நான்தான் சார்.”

“எங்கே இருக்கிறீர்கள்?”

“வலது முன்டயருக்கு முன்னால்.”

எஞ்சின் அணைந்தது. ஏணியில் பூட்ஸ் சத்தம் இறங்கி வந்தது. சாவியைக் கையில் பிடித்தபடி பாண்டிச்செல்வி வண்டியைச் சுற்றி வந்து என் முன்னால் நின்றாள். என்னைப் பார்த்தாள், பழத்தைப் பார்த்தாள்.

“என்னண்ணே, நெழலுக்கு ஒதுங்குனீகளா?”

கேட்டது கேலிதான். கேட்ட கையோடு ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். “ஒங்க மூஞ்சிய மட்டும் காணலண்ணே. அவுக கொடிய ஆட்டுறாக, ஆட்டுறாக… எனக்குக் கை வரல” என்றாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். காதர் பாய் வந்துதான் தூக்கிவிட்டார்.

முதல் பெஞ்சு

என் தப்பை என் கையாலேயே பதிவேட்டில் எழுதினேன். ஒரு மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். திரும்பி வந்ததும் புது ஆட்களோடு முதல் பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்கச் சொன்னார்கள். பாடம் எடுத்தவர், நான் எழுதிவைத்த குறிப்புகளையே எனக்கு வாசித்துக் காட்டினார். நல்ல குறிப்புகள்தான்.

அதெல்லாம் பிறகு. அந்தக் காலையில் மேனேஜர் எலுமிச்சம்பழத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பாண்டிச்செல்வியிடம் ஏதோ சொல்ல வந்து, மொழி இல்லாமல் என்னைப் பார்த்தார். நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. “என் கொடியை மதிக்காத டிரைவரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். இதே மாதிரி இன்னும் ஆள் இருந்தால் உங்கள் ஊரிலிருந்தே வரட்டும்” என்றார். கான்ட்ராக்டர் சர்பத்தைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

சக்கரங்களுக்கு மறுபடி கட்டை கொடுத்து, வண்டியைச் சோதித்து, கட்டைகளை எடுத்த பிறகு பாண்டிச்செல்வி ஏறினாள். முகம் முகமாகப் பார்த்தாள். இந்த முறை நான் பந்தலுக்குள், சர்பத் கூடைக்குப் பக்கத்தில், இரண்டு பேர் காவலோடு நின்றேன். இரண்டு ஹாரன் அடித்தாள். மேற்குக் குழியின் முதல் வண்டி செம்மண் பாதையில் ஏறிப் போனது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது.

போனில் வந்த குரல்

இப்போது நான் திருச்சுழியில் இருக்கிறேன். மேற்குக் குழி படிப்படியாக ஆழம் போய், அடுத்த விரிவாக்கமும் தொடங்கியிருக்கிறது. எங்கள் பக்கத்து ஆட்கள் அந்த மலையில் இன்றைக்கு ஏராளம். அங்கே பயிற்சி கொடுப்பது பாண்டிச்செல்வி. கன்னடத்தில் திட்டுவதாகக் கேள்வி.

இந்த வாரம் இதை எழுத உட்கார்ந்தபோது, செவலைக்குட்டியா வெள்ளைக்குட்டியா என்று சந்தேகம் வந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்றபடி அவளுக்குப் போன் போட்டேன். “செவலதாண்ணே. அதுக்கு இப்ப பேரன் பேத்தி எடுத்தாச்சு” என்றாள். பேச்சுக்கு நடுவே அவள் பக்கத்து வாக்கி-டாக்கியில் ஒரு கன்னட இளைஞனின் குரல் கேட்டது. “சோலை கிளியர்?” என்றது. வேறு ஒருவர், “சோலை கிளியர்” என்றார். பிறகு இரண்டு ஹாரன்.

“என்னம்மா அது? எம்பேரு மாதிரி கேக்குது?”

பாண்டிச்செல்வி சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. “ஒங்க பேருதாண்ணே. முன்டயருக்கு முன்னாடி இருக்குற எடத்துக்கு இங்க பேரே சோலைதான். அங்க ஆளில்லைன்னு ஒருத்தர் பாத்துச் சொன்னாத்தான் வண்டி நகரும். இந்தப் பயலுக ஒங்களப் பாத்ததுகூட இல்ல.”

ஒவ்வொருவர் பெயரைத் தெருவுக்கு வைக்கிறார்கள், பள்ளிக்கூடத்துக்கு வைக்கிறார்கள். என் பெயர் ஒரு டயருக்கு முன்னால் கிடக்கிறது. எனக்கு அது போதும். அந்த இடத்தில் யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்கிறது, இதைவிட என்ன வேண்டும்?

பேசிக்கொண்டே இருக்கும்போது அந்தப் பையனின் குரல் மறுபடி கேட்டது. அடுத்த வண்டி போலிருக்கிறது. “சோலை கிளியர்?”

“கிளியர்!” என்று நான் உரக்கச் சொன்னேன். நரிக்குடி பஸ்ஸுக்கு நின்றவர்கள் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நீங்க சொல்லி வண்டி எடுக்க மாட்டாக. ஒங்கள நம்ப முடியாதுண்ணே, பொறுங்க” என்றாள் பாண்டிச்செல்வி. அவள் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்ன பிறகுதான் ஹாரன் இரண்டு முறை கேட்டது.